மரவாழை

மாமனாரின் முழங்காலில் காய்ந்து ஒட்டியிருந்த பச்சைப் பற்றை அம்சவேணி ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிணத்தைக் குளிப்பாட்டத் தெரு ஜனம் கூடுவதற்குள் கறை போய்விட வேண்டும். போகவில்லை.

வாதத்தில் கால் வீங்கி, தறிக்குழியில் இறங்க மாட்டாமல் ஒரு மாதமாகக் கிடந்தார் பஞ்சாட்சரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெள்ளைக்கார டாக்டர் துரை காலையே வெட்டி எடுத்துவிடுவார் என்று நம்பிய மனிதர். திருப்புட்குழி வைத்தியர் மரவாழையை அரைத்துப் போடச் சொன்னார். மண்ணைத் தொடாமல் மாமரக் கிளையில் தொற்றிப் பிழைக்கிற செடி அது. ஏரிக்கரையில் ஒரே மரத்தில்தான் மிச்சம். முதல்நாள் மாலை அதற்கு மஞ்சள்நூலில் காப்புக் கட்டி, மறுநாள் விடியலில் பறித்து, வீடு சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மருந்தே விஷம். பேசாமடந்தை என்று பெயரெடுத்த மருமகள் தலையில் அந்த வேலை விழுந்தது.

ஆனால் அவள் நெசவு வீட்டில் பிறந்தவளும்கூட. மடியில் செடியோடு வந்தவள், அடுத்த வீட்டு இந்திராணி தெருவில் நீளக் கட்டியிருந்த பட்டுநூல் பாவில் ஓர் இழை தொங்குவதைக் கண்டாள். வாய் முந்திக்கொண்டது: “இழை அறுந்திருக்குதுக்கா.”

இந்திராணி இழையை முடிந்துவிட்டு, மடியில் என்னவென்று எட்டிப் பார்த்தாள். செடியைக் கண்டதும் முகம் மாறியது. அவள் எட்டிப் பார்க்காத மடியும் இல்லை, பார்த்ததை மூன்று தெருவுக்குச் சொல்லாத நாளும் இல்லை.

பற்றுப் போட்ட மூன்றாம் நாள் ஜுரம். ஐந்தாம் நாள் இது.

வைத்தியர் வந்துவிட்டார். தம் பேரைக் காப்பாற்றுகிற அவசரம் நடையிலேயே தெரிந்தது. கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார்.

“வழியில வாயத் தொறந்தியாம்மா? மறைக்காத.”

அவள் புருஷன் முருகேசன் நிமிர்ந்து பார்த்தான். அப்பனைத் தின்றவளோடு எவன் குடித்தனம் பண்ணுவான்? பொழுது சாய்வதற்குள் பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டிவிடுவார்கள்.

“அவளா?” என்றாள் இந்திராணி. “நான் பாவு போட்டுக்கினு இருந்தேன் வைத்தியரே. எங்கடி போய்ட்டு வர்றேன்னு ரெண்டு தபா கேட்டேன். ஊமையாட்டம் போனா.”

வைத்தியர் விதி என்றார். முருகேசன் தண்ணீர் சேந்தப் போனான்.

ஒப்பாரி தொடங்கியது. அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் இந்திராணியுடையதுதான். அன்று அவள் அம்சவேணியை ஒட்டி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை. அம்சவேணியின் விரல்களில் ஒட்டியிருந்த பச்சையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.