புளியில் ஊறிய தோட்டாக்கள்

வாயால் கெடுவதில் நான் கெட்டிக்காரன். நாட்டைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் ரானுயியில், பக்கத்து வீட்டு கிரஹாம் ஒரு மான் வேட்டைக்காரன். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, வெடிமருந்து நிரப்பித் திரும்பவும் சுடுவான். கழுவியும் கறுப்புப் போகவில்லை என்று அவன் அலுத்துக்கொண்டபோது, புளி போட்டு மினுக்கித் தருகிறேன் என்று பெருமை அடித்தேன். மறுநாளே ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. என் மனைவி பவளராணி குத்துவிளக்கைப் புளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். இருக்கிற புளியை வீணாக்குவானேன் என்று கோதுகளையும் அதற்குள்ளேயே கொட்டினேன். என் சிக்கனத்தை மெச்ச ஆளில்லையே என்று நினைக்கும்போது அவளே வந்தாள்.

விளக்கை எடுக்கக் கைவிட்டவளின் விரல்களில் ஒரு கோது வந்தது.

"ஊரில என்ர தம்பியைச் சுட்ட இடத்தில இப்பிடிப் பதினொண்டு பொறுக்கினனான்," என்றாள். "இதுகளைத் திரும்ப நிரப்புவினமோ?"

"மானுக்குத்தானப்பா."

"நான் இனி இந்த விளக்கை ஏத்தமாட்டன்."

கோதுகளை அள்ளிக்கொண்டுபோய்க் கிரஹாமிடம் கொடுத்து, புளி வேலை செய்யவில்லை என்று பொய் சொன்னேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து புதுப் புளி கரைத்து, விளக்கை நானே தேய்த்தேன். ஐந்தாம் தரம் அலசும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"முதல் உங்கட கையைக் கழுவுங்கோ," என்றாள். "பிறகு அந்தத் திரியை எடுத்துத் தாங்கோ."