பொட்டு வைத்த கக்கூஸ்

"கிரைண்டருக்கும்தான் பொட்டு வச்சேன், மறுநாளே அதுல மாவு ஆட்டலியா?"

ஆவுடைத்தாய் போட்ட சத்தத்தில் இலஞ்சி வடக்குத் தெருவில் நாலு வீட்டு டிவி தானாக ஊமையானது.

"கிரைண்டர் மேல ஏறியா உக்காருத?" என்றார் புருஷன் சிவனணைந்தபெருமாள், ஓய்வுபெற்ற ஏட்டு.

மகன் மணிகண்டபிரபு குறுக்கே விழுந்தான். "பைக்குக்கும் அம்மா பொட்டு வச்சா. அதுல உக்காரலியாப்பா?"

"பைக்குல வேட்டியோட உக்காருதோம்லே!"



சங்கதி இதுதான். மகனுக்குப் பேசியிருந்த சுரண்டைப் பெண் நிவேதா, வீட்டுக்குள் கக்கூஸ் இருந்தால்தான் தாலி என்றுவிட்டாள். சாமி படம் மாட்டிய கூரைக்குக் கீழே அந்த அசிங்கமா என்று குதித்த சிவனணைந்தபெருமாள், மகனின் வயதை நினைத்து வாயை மூடிக்கொண்டார். காலையில் செம்பும் கையுமாக வாய்க்கால்கரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஆவுடைத்தாய்க்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. அங்கே உட்கார்ந்தால், எழும்ப ஒரு ஆள் வேண்டும்.

நாற்காலி மாதிரி வெள்ளை வெளேரென்று கோப்பை வந்து இறங்கியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுத பூசையன்று எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், சந்தோஷத்தில் அதற்கும் மூன்று பொட்டு வைத்து, பூச்சரம் சாத்தி, சூடமும் காட்டிவிட்டாள். அவருக்கு அது போதாதா?

"சூடம் காட்டினா சாமி. இனி எவனும் அதுல உக்காரப்படாது!"

ஆவுடைத்தாய்க்கும் உள்ளூரப் பயம்தான். வாய் என்னவோ சண்டை போட்டது. கால் வாய்க்காலுக்குத்தான் நடந்தது.

மறுவாரம் நிவேதாவும் அவள் வீட்டாரும் வீடு பார்க்க வந்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பரோட்டாவை ஒரு கை பார்த்திருந்த அவள் தாய்மாமா ஆறுமுகநயினார், வந்த வேகத்தில் உள்ளே ஓடினார். போன வேகத்தில் திரும்பினார். நெற்றியில் புதுக் குங்குமம்.

"ஆச்சா அண்ணாச்சி?" என்றாள் ஆவுடைத்தாய்.

"கும்பிட்டாச்சு தாயி." அவருக்கு வேர்த்து ஊற்றியது. "இங்கன வாய்க்கால் எந்தப் பக்கம்?"

சிவனணைந்தபெருமாள் முகமெல்லாம் மலரச் செம்பை எடுத்து நீட்டினார்.

கல்யாணமும் வாய்க்காலோடு போச்சு என்று ஆவுடைத்தாய் இடிந்து நின்றாள். நிவேதா போய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, ஒரு வாளித் தண்ணியும் பழந்துணியும் தாங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தில் ஒருத்தரும் காப்பியைத் தொடவில்லை. சிவனணைந்தபெருமாள் இடி விழுமென்று சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் தன்னை மறந்து குலவை போட்டாள். ஏதோ சடங்கு போல என்று சுரண்டைப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

நிவேதா வெளியே வந்ததும், "அடுத்து நான்" என்று முழங்காலைப் பிடித்தபடி எழுந்தாள் ஆவுடைத்தாய்.

தை மாதம் இலஞ்சிக் குமாரர் கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலி ஏறிய கையோடு சிவனணைந்தபெருமாள் தென்னந்தோப்பு மோட்டார் ரூமுக்குக் குடிபோய்விட்டார். குற்றாலச் சீசனுக்கு வருகிற சனம் தோப்புக்குள் ஒதுங்கினால் கம்பும் கையுமாக விரட்டுகிறாராம்.

"ஏலே, உங்க வீட்டுல எல்லாம் கக்கூஸ் கிடையாதா?"