நாலாவது டேக்

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் சனிக்கிழமைதோறும் ஒன்பது பிள்ளைகள் பாட்டுப் பழகினார்கள். எல்லோரும் பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்டவர்கள். எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் நாலு ஊசி, அதுவும் ஆயுசுக்கும். நோயோடு வாழ்வது எப்படி என்று டாக்டர் வகுப்பெடுத்தால் கொட்டாவி விடுகிறார்கள், பாட்டாகச் சொன்னால் மண்டையில் ஏறும் என்று யாரோ ஒரு பெரியவருக்குத் தோன்றியது. யோசனை நல்ல யோசனைதான். அதைக் குட்டிச்சுவராக்க மெனக்கெட்டு ஆட்கள் வந்து சேர்ந்ததுதான் வயிற்றெரிச்சல்.

டிரம் வாசித்தவளை எல்லோரும் பட்டாசு என்று கூப்பிட்டார்கள். மூக்கின் மேல் கோபம். ஊசி போடும்போது பாவம் பார்த்து 'உச்' கொட்டிய பக்கத்து வீட்டு மாமியையே வாயை மூட வைத்தவள். அவளுடைய உயிர்த்தோழி அதற்கு நேர் எதிர். நெடுநெடுவென்று வளர்ந்து, காற்றடித்தால் சாய்ந்துவிடுவாள் போலிருப்பாள். அதனால் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர். யார் என்ன சொன்னாலும் "சரி, பரவால்ல" என்பாள். ஆனால் வாயைத் திறந்து பாடினால் சுருதி ஒரு இழை பிசகாது. தனியாகப் பாடும் பகுதியை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு வாத்தியார் நல்ல மனுஷர். முதல் வாரமே, "உங்க நோயைப் பத்தி நீங்களே எழுதுங்க, நான் மெட்டுப் போடறேன்" என்றார். ஒட்டடை எழுதியது இது:

"கால் ரெண்டும் பஞ்சாகும், நாக்கு தடுமாறும்,
காரணமே இல்லாம சிரிப்பா வரும்,
நான் சிரிச்சா கூட சிரிக்காதீங்க,
இனிப்பு எடுத்து ஊட்டுங்க."

ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அவளுக்கு அப்படித்தான் ஆகும். பட்டாசு அதைப் படித்துவிட்டு அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொன்னதில்லை.

இந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையின் விளம்பர மேடம் உள்ளே வந்தார். பிள்ளைகளின் பாட்டை விளம்பர வீடியோவாக்குவது அவர் வேலை. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார் இது, பயமுறுத்தற மாதிரி இருக்கு? வீடியோ பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும். பாசிட்டிவா எழுதுங்க."

பேனாவை எடுத்து நாலு வரியையும் ஒரே கோடாக அடித்தார். அந்த இடத்தில் 'சர்க்கரை என் தோழி, ஊசி என் தோழன், சிரித்தாலே போதும்' என்று அவரே எழுதினார்.

"எந்தத் தோழன் மேடம் தினம் நாலு தடவ குத்துவான்?" என்றாள் பட்டாசு.

மேடம் காதில் விழாதது போல நகர்ந்தார். வாத்தியார் ஹார்மோனியத்தைத் துடைப்பது போல பாவனை செய்தார். ஒட்டடை வழக்கம்போல, "விடுடி, பரவால்ல" என்றாள். பட்டாசுக்கு மூவர் மீதும் ஆத்திரமாக வந்தது.

ஒலிப்பதிவு நாளன்று அந்த அறையின் ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு மைக்குகளை நட்டார்கள். பதிவுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தார்.

"போன் எல்லாம் இதுல போடுங்க. ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் டேக் போச்சு."

"இது போன் இல்ல அண்ணா, எங்க காவல்காரன்" என்றாள் பட்டாசு. கையில் ஒட்டியிருந்த வில்லையைக் காட்டினாள். "சர்க்கரை இறங்குனா இந்த வில்லை போனுக்குச் சொல்லும். போன் கத்தும். அப்பதான் எங்களுக்கே தெரியும்."

"அடடா, பத்து நிமிஷம்மா!" என்றார் மேடம். "மருத்துவமனைக்குள்ள இருந்துகிட்டு என்ன பயம்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பட்டாசு வாயைத் திறந்தாள். அதற்குள் வாத்தியார், "நடுவுல உன் டிரம் மட்டும் தனியா பதினாறு தட்டு வருது. இன்னிக்கு அசத்திடணும்" என்றார். அந்தப் பதினாறு தட்டுக்காக ஒரு மாதம் தொடையில் தட்டித் தட்டிப் பழகியிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு போனைக் கூடையில் போட்டாள். அவள் போட்டதும் மற்ற எட்டுப் பேரும் போட்டார்கள். கூடை கதவுக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "சாப்பாடு பன்னெண்டே முக்காலுக்கு வந்துடும். ஊசி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினார். பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டால் கால் மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இந்தப் பாடம் அந்த ஒன்பது பேருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

பொட்டலங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன. மேடம் அவற்றை மேஜைமேல் அடுக்க வைத்துவிட்டு, "ஒரே ஒரு டேக், முடிச்சுட்டு நிம்மதியா சாப்பிடலாம்" என்றார்.

அந்த ஒன்று இரண்டாயிற்று. யாரோ இருமினார்கள், மூன்றாயிற்று. மணி ஒன்று இருபது. பிள்ளைகளின் கண் பொட்டலத்தின் மேலேயே இருந்தது. "மேடம், சாப்பிடணும்" என்று பட்டாசு இரண்டு முறை சொன்னாள். "கடைசி, கடைசி" என்றார் மேடம்.

நாலாவது டேக். ஒட்டடை தனியாகப் பாடும் இடம் வந்தது. முதல் வரியில் அரைத் தட்டு பிந்தினாள். சுருதி பிசகாதவள் பிசகினாள். 'தோழி' என்ற சொல் வாயில் குழறியது. பிறகு சிரித்தாள், கிளுகிளுவென்று, நிறுத்தாமல்.

"கட்! என்னம்மா விளையாட்டு?" என்று எரிந்து விழுந்தார் பதிவுக்காரர்.

"எல்லாரும் எவ்வளவு கஷ்டப்படறோம், உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்றார் மேடம்.

பட்டாசின் கை டிரம்மின் மேல் அப்படியே நின்றது. காரணமே இல்லாம சிரிப்பா வரும். குச்சியை வீசிவிட்டுப் பாய்ந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஒட்டடை மைக்கையும் இழுத்துக்கொண்டு தரையில் சரிந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது.

"அக்காவைக் கூப்பிடுங்க! நிக்காதீங்க, ஓடுங்க!"

வாத்தியார் விழுந்தடித்து ஓடினார். பட்டாசு டிரம் பையிலிருந்த ஜூஸ் டப்பாவைப் பல்லால் கிழித்துத் தோழியின் உதட்டில் வைத்தாள். "முழுங்குடி. ஏய், என்னைப் பாரு. முழுங்கு." பாதி கழுத்தில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று. நர்ஸ் அக்கா வந்து விரலில் குத்திப் பார்த்தபோது, எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை முப்பத்தெட்டு காட்டியது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

கதவு திறந்து கிடந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. பெஞ்சில் கூடை கத்திக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து ஒட்டடை கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிழைத்தாள், நல்ல வேளை. அவள் கால்மாட்டில் பட்டாசு உட்கார்ந்திருந்தாள். பதிவுக்காரர் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"ஹெட்போன்ல ஒரு சத்தம் லேசா கேட்டுது. கீழ ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்குதுன்னு நெனச்சேன். குறைச்சு விட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் பட்டாசு.

"ஒரு... பதினோரு நிமிஷம் இருக்கும்."

"பதினோரு நிமிஷம் அவ செத்துக்கிட்டு இருந்தா. நீங்க வண்டின்னு நெனச்சீங்க."

மேடம் குரலைத் தாழ்த்தினார். "சரி, சரி. இப்பதான் நல்லாயிட்டாளே, இதைப் பெருசு பண்ண வேண்டாம். அந்தச் சிரிப்பையும் சத்தத்தையும் அழிச்சுட்டா பாட்டு மிஞ்சும், இல்லையா?"

பட்டாசு எழுந்தாள். ஆனால் முந்திக்கொண்டது வேறொரு குரல்.

"அழிக்கக் கூடாது."

ஒட்டடைதான். பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"என் நாலு வரியை வெட்டினீங்க, பரவால்லன்னு சொன்னேன். அது இருந்திருந்தா, நான் சிரிச்சப்ப உங்களுக்கு என்னன்னு புரிஞ்சிருக்கும். இப்ப நான் விழுந்ததையும் வெட்டணுமா? இந்தத் தடவ பரவால்லன்னு சொல்ல மாட்டேன் மேடம். எனக்குப் பரவாயில்லவே இல்ல!"

அந்தப் பெண் கத்தி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. வாத்தியார் பதிவுக்காரரிடம் போய்க் கையை நீட்டினார். "அந்தப் பதிவை அப்படியே என்கிட்ட குடுங்க. வரியை வெட்டினப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன், இன்னொரு தடவ நிக்க மாட்டேன்" என்றார். அன்று மாலையே அதை ஒட்டடையின் அம்மாவுக்கும் பெரிய டாக்டருக்கும் போட்டுக் காட்டினார். மேடம் அதற்குப் பிறகு மூன்றாவது மாடிக்கு வரவில்லை.

அடுத்த மாதம் புதிதாக ஆறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். வாத்தியார் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பட்டாசு முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு பாட்டுப் போடறேன். சத்தம் ஒண்ணு கேக்கும். கேட்ட உடனே கையைத் தூக்குங்க."

இனிமையான பாட்டுதான். சர்க்கரை என் தோழி. அதற்கு அடியில், மிக மெல்லிதாக, விட்டு விட்டு ஒரு கத்தல். ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு. சிரிப்பு வந்த இடத்தில் ஆறு கைகளும் மேலே இருந்தன. பின்வரிசையில் ஒட்டடை தன் சிரிப்பைத் தானே கேட்டபடி கையைத் தூக்கியிருந்தாள்.

"அந்தச் சத்தம் இவளோட போன், வெளிய கூடையில கிடந்து கத்தினது. அந்தக் கூடையில முதல்ல போனைப் போட்டது யார் தெரியுமா?" என்றாள் பட்டாசு. "நான்தான். பதினாறு தட்டு வாசிக்கிற ஆசையில போட்டேன். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்துவேன், கத்த வேண்டிய அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன்."

குச்சியை எடுத்தாள்.

"இப்ப அவ எழுதின நாலு வரி. சத்தமா பாடணும். போன் எல்லாம் மடியிலயே இருக்கட்டும்."