பாடை போகிற வழி

பறைச் சத்தத்தையும் மீறி வடிகால் பக்கம் ஜேசிபி உறுமியது. கணவன் ரெத்தினத்தின் தலைமாட்டிலிருந்து அம்சம் எழுந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பிடித்து இழுத்ததை உதறிவிட்டு வயலுக்கு நடந்தாள்.

வடிகால் கரையில் மகன் பரிதி நின்றிருந்தான். ஜேசிபி வெட்டிவேரில் ஒரு கட்டில் அகலத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தது.

"யாரைக் கேட்டுடா வெட்டுற?"

"எதிர்க்கரை உடைஞ்சு கெடக்கும்மா. சுடுகாட்டுக்கு இப்ப இதான் வழி. பாடையத் தூக்கிக்கிட்டு இந்தப் பொதருக்குள்ள எப்படிப் போறது?"

புதராம்! வயல்களில் கொட்டிய யூரியாவும் டிஏபியும் மழையில் கரைந்து வடிகாலில் இறங்கி, கீழத்தெருக் குளம் பச்சைப் பாசியாகி மீனெல்லாம் செத்து மிதந்த வருஷம் ரெத்தினம் நட்டது அது. கரையில் வெட்டிவேர், தண்ணீரை ஒட்டி நாணலும் கோரையும். வயலிலிருந்து வழிகிற உரத்தை அந்த வேர்கள் குடித்துக்கொண்டன. மெல்ல மெல்லக் குளம் தெளிந்து பிள்ளைகள் மறுபடி குதித்தார்கள். அதற்கு ஊர் கொடுத்த பட்டம் 'புல்லு ரெத்தினம்'. நெல் விளைகிற மண்ணில் புல் வளர்க்கிற பைத்தியம் என்று டீக்கடையில் சிரித்த வாய்கள்தான் காலையிலிருந்து பந்தலில் உட்கார்ந்து 'தங்கமான மனுஷன்' என்கின்றன.

சிரித்தவர்களில் முதல் ஆளான பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு சமாதானத்துக்கு வந்தார்.

"புல்லுதானே தங்கச்சி, திரும்ப மொளைக்கும். மச்சானை மரியாதையா கொண்டு போவணும்ல?"

"உசுரோட இருக்கறப்ப எங்கண்ணே போச்சு அந்த மரியாதை? அவரு நட்டதைப் புடுங்கிப்புட்டு, அது மேலயே அவரைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

ஜேசிபிக்காரன் எஞ்சினை அணைத்தான்.

"அப்ப எப்படித்தாம்மா போறது?" என்றான் பரிதி.

"நம்ம வயல்ல எறங்கிப் போங்க."

"கதிரு பால் புடிச்சு நிக்குதும்மா!"

"மிதிபட்டா மிதிபடட்டும். அடுத்த போகத்துல நட்டுக்கலாம்."

சாயங்காலம் பாடை வயலில் இறங்கியது. வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் புதையும் சேற்றில் தோள் கொடுத்துப் போனார். அவர்கள் மிதித்துப் போன தடத்தில் கதிர்கள் சாய்ந்தபடியே கிடந்தன.

அம்சம் கரையில் குந்தி, பெயர்ந்து கிடந்த வெட்டிவேர்த் தூர் ஒன்றை எடுத்துக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.