நூறு மில்லிக் கோடு

கொதித்து இறங்கிய மல்லித்தண்ணியைத் தனேஸ்வரி வடித்துப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே காரை ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு மகள் ராகவி குசினிக்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, பியூனரல் பத்து மணிக்கு. ஹோல் ரெண்டு மணித்தியாலம்தான் தந்திருக்கினம். இப்ப என்ன இது?"

"அப்பாவுக்கு."

ராகவி பிளாஸ்கின் மூடியை எடுத்து நீட்டினாள்.

சிறிதரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருஷம். கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாளுக்கு ஒரு லீட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து தனேஸ்வரி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். மாத்திரைக்குத் தண்ணீரும் அளவு, சோற்றுக்கு ரசமும் அளவு. தடிமன், சளி எண்டு வந்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுப்பாள். அதுவும் பிளாஸ்ரிக் அளவுக் கப்பில் நூறு மில்லிதான். "பெண்சாதி எண்டு நினைச்சுக் கட்டினன், தண்ணி இன்ஸ்பெக்டரெல்லோ வந்து சேர்ந்திருக்கு," என்று செவன் ஹில்ஸ் புறநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன வியாழன் மாலை, தன் நூறு மில்லி மல்லித்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு, அவர் சிரிக்கவில்லை.

"தொண்டை வறளுது, தனேஸ். இன்னும் ஒரு மிடறு தாருமன்."

"நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும். நிறையத் தாறன்."

காலையில் எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. நீங்கள் கொடுக்காமல் விட்டது சரிதான் என்றார் டொக்டர். சரியோ பிழையோ என்று அவள் கேட்கவே இல்லை. அந்த ஒரு மிடறு அவள் நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது.

மண்டபத்தில் வாய்க்கரிசி போட வரிசை நீண்டது. பியூனரல் நடத்தும் கொம்பனியின் கறுப்புக் கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் முறை வந்ததும் தனேஸ்வரி கணவனின் உதட்டைத் தொட்டாள். இறுகியிருந்தது. இந்த நாட்டில் வாயை ஒட்டித்தான் வைப்பார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கைப்பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். கூடவே அளவுக் கப்பும் வந்தது. அதை எப்போது எடுத்து வைத்தாளோ. ஊற்றினாள். பழகிய கை நூறு மில்லிக் கோட்டில் நின்றது.

கோட்டையே பார்த்தாள். பிறகு மறுபடி சரித்தாள். கப் நிரம்பி, விரல்களில் வழிந்து, பெட்டியின் வெள்ளைத் துணியில் சொட்டியது.

"தனேஸ் அன்ரி, பின்னால ஆக்கள் நிக்கினம்..." என்றது ஒரு குரல்.

ராகவி கையை நீட்டி மறித்தாள்.

"நிக்கட்டும். அம்மா ஊத்தட்டும்."

பிளாஸ்கில் இன்னும் பாதி இருந்தது.