உள்ளே இருந்த அந்தோனியார்

கெர்ட்ரூட் முதலிலேயே சொன்னாள்.

"கோயில் ஏலத்துல எல்லாம் வேணாங்க. பேப்பர்ல போடுவோம். வாங்க வர்ற ஆளு இங்கயே டேப்பப் போட்டு ஓட்டிப் பாக்கட்டும். மெஷினுக்குப் பின்னால இருக்குற நம்பர எழுதி, கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போவட்டும். பின்னாடி ஒருத்தன் வந்து ஒண்ணு சொல்ல முடியாது."

அலெக்சாண்டர் வீடியோ மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பதில் சொன்னவன் அவன் நண்பன் டொமினிக்.

"மச்சான், உன் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேசன் வச்சிருக்கா லா. அந்தோனியார் முன்னாடி நின்னுக்கிட்டு நம்ம ஆளுங்ககிட்டயே கையெழுத்துக் கேப்பியா நீ? மாலுவா இல்ல?"

"எனக்கு ஒரு மாலுவும் இல்ல அண்ணே," என்றாள் கெர்ட்ரூட். "வேல போன வீட்டுல வெக்கத்துக்கு எங்க எடம்?"

டொமினிக் சத்தமாகச் சிரித்தான். அலெக்சாண்டரும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு வெள்ளீயத்தின் விலை விழுந்து கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஈப்போவுக்கு வெளியே ஒரு சுரங்கத்தில் ஸ்டோர்க் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அலெக்சாண்டரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சம்பளம் வந்த காலத்தில் ஆசையாக வாங்கிய வீடியோ மெஷின் அது. வீட்டில் விற்கக்கூடியதாக அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஆனால் அவன் உண்மையில் நம்பிக் காத்திருந்தது வேறொன்றை. பங்குக் கோயிலை ஒட்டிய மாணவர் விடுதியில் அரிசியும் சார்டினும் பால்மாவும் பூட்டி வைக்கும் ஸ்டோருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "வேல பெரிய வேல இல்ல. சாவிய யார்கிட்ட நம்பிக் குடுக்குறதுன்னுதான் யோசன. திருவிழா முடியட்டும், கூப்பிடுறேன்," என்று பாதர் அவனிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து கெர்ட்ரூட் ஒவ்வொரு மாலையும் அந்தச் சாவிக்காகவே ஜெபம் செய்தாள்.

டொமினிக்கும் அலெக்சாண்டரும் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அலெக்சாண்டரின் மகள் இசபெல்லாவுக்கு டொமினிக்தான் ஞானத்தகப்பன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு அவனுக்கு இந்த வீட்டில்தான். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பால்மரங்கள் சாய்க்கப்பட்டு, செம்பனை வந்துவிட்டது. அந்தோனியார் சிற்றாலயம் மட்டும் விற்கப்படாமல் நின்றது. ஜூன் மாதத் திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் பஸ்ஸிலும் லோரியிலும் வந்து சேரும். சப்பரம் சுற்றி வந்ததும் ஏலம் நடக்கும். ஏலம் கூவுகிறவன் டொமினிக். அவன் குரலுக்கென்றே கூட்டம் நிற்கும்.

முன்பெல்லாம் சேவல், பலாப்பழம், கேக் இவைதான் ஏலத்துக்கு வரும். பிறகு ரேடியோ, மேசை விசிறி என்று வீட்டுச் சாமான்களும் வரத் தொடங்கின. விற்கிறவர் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏலம் எடுத்தவர் பொருளை அப்போதே தூக்கிக்கொண்டு போவார். பணத்தை அடுத்த ஞாயிறு டொமினிக்கிடம் கொடுத்தால் போதும். சுரூபத்துக்கு முன்னால் யாரும் காசு எண்ணியதில்லை. பொருளைச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. அப்படிச் செய்தால் புனிதரையே சந்தேகப்பட்டதாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்த வழக்கத்தை மீறும் துணிச்சல் அலெக்சாண்டருக்கு இல்லை. இருந்திருந்தாலும் மீறியிருக்க மாட்டான். யாருமே கையெழுத்துக் கேட்காத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அது தன்னுடைய இடம் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின மாலை டொமினிக் வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தான். படம் பளிச்சென்று வந்தது. "புதுசு மாதிரி இருக்கு மச்சான்," என்று அதன் மூடியில் தட்டிவிட்டு, "உள்ள இருக்குறவர எடுத்துட்டியா?" என்றான்.

"இருக்கட்டும். வாங்குறவங்களையும் பாத்துக்குவாரு."

அது அவர்கள் இருவருக்கும் கெர்ட்ரூடுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். மெஷின் வாங்கி வந்த அன்று அதை மந்திரிக்க வேண்டும் என்று கெர்ட்ரூட் சொன்னாள். தீர்த்தம் தெளித்தால் கரண்ட் அடிக்கும் என்றான் டொமினிக். கடைசியில் அவனே மூடியைக் கழற்றி, தன் கழுத்திலிருந்த அந்தோனியார் பதக்கத்தை உள்ளே ஒரு மூலையில் வைத்து, கைக்குக் கிடைத்த சிவப்பு டேப்பால் ஒட்டினான். "திருட்டுப் போனாலும் அந்தோனியார் கொண்டாந்து சேத்துருவாரு. காணாமப் போனதக் கண்டுபிடிக்கிறதுதானே அவரு வேலையே," என்றான். அன்றைக்கு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஏலத்தில் மெஷினை எடுத்தவர் சிலிம் ரிவரிலிருந்து வந்த உடையப்பன் என்ற லோரிக்காரர். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. வேண்டுதல் இருந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு படி ஏற்றிக் கேட்டார். டொமினிக் மணியை அடித்து, "அந்தோனியார் கைவிடல மச்சான்!" என்று மைக்கிலேயே கூவினான். கூட்டம் கைதட்டியது. கெர்ட்ரூட் மட்டும், "அந்த ஆளு வீடு எங்கன்னாவது கேட்டீங்களா?" என்று காதருகே கேட்டாள். அலெக்சாண்டர் அவளை முறைத்தான்.

அடுத்த ஞாயிறு பணம் வரவில்லை. மெஷின் வந்தது. டொமினிக் தன் காரின் பின்சீட்டிலிருந்து அதைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தான்.

"மெஷின் ரோசாக்காம், கெட்டுப்போச்சாம். வீட்டுல போயி மாட்டினா லைட்டே எரியலையாம். அந்த ஆளு கோயில் வாசல்லயே கத்திட்டான். நான்தான் சமாதானப்படுத்தி அனுப்புனேன்."

"நீதானே ஓட்டிப் பாத்த?"

"பாத்தேன் லா. லோரியில குலுங்கிச்சோ என்னமோ. மனுசனே நல்லா இருக்கும்போதே சாஞ்சுடுறான், இது மெஷின்தானே? வேணும்னா மூடியத் தொறந்து பாத்துக்க, நம்ம ஆளு உள்ள இருக்காரான்னு."

அலெக்சாண்டர் திறந்து பார்க்கவில்லை. நண்பன் கொண்டுவந்து வைத்ததை அவன் எதிரிலேயே திறந்து பார்ப்பது எப்படி? அன்றும் டொமினிக் அங்கேயே சாப்பிட்டான். ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான்.

பேச்சு பரவ நாளாகவில்லை. வேலை போனவன் செத்த மெஷினை அந்தோனியார் தலையில் கட்டப் பார்த்தான் என்றார்கள். மீன் வாங்கும் இடத்தில் கெர்ட்ரூடின் காதிலேயே அது விழுந்தது. பாதரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அலெக்சாண்டர் முன்கூடத்தில் உட்கார்ந்து அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கே தெரியாமல் தான் ஏமாற்றிவிட்டோமோ என்று தோன்றியது. உள்ளே ஏதோ பழுதாகிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ? பழி வெளியிலிருந்து வந்தால் எதிர்த்து நிற்கலாம். அவன் அதைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

மழை பெய்த ஒரு பிற்பகலில் அவன் திருப்புளியை எடுத்தான். பழுது என்னவென்று பார்த்துச் சரிசெய்துவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதரிடமே காட்டலாம் என்ற நினைப்பு.

மூடியை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது பதக்கம்தான். அதே மூலை, அதே சிவப்பு டேப். அவனுக்கு வெட்கமும் ஓர் ஆறுதலும் சேர்ந்து வந்தன. வெளியே சொல்லாவிட்டாலும் இத்தனை நாளும் அந்த உடையப்பனைச் சந்தேகப்பட்டிருந்தான். மெஷின் தன்னுடையதுதான். செத்ததும் தன்னுடையதுதான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

பிறகுதான் வாசம் வந்தது.

கிராம்புச் சிகரெட்டின் வாசம். உள்ளே கம்பிகளின் மேலும் தகட்டின் மேலும் பழுப்பாகப் புகை படிந்திருந்தது. இந்த வீட்டில் யாரும் புகைத்ததில்லை. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தான். ஒருமுறை வீடியோ டேப் உள்ளே சிக்கியபோது தெரியாமல் ஒரு கம்பியை அறுத்து, திரும்ப முறுக்கிச் சேர்த்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பியைத் தேடினான். இருந்தது, அறுபடாமல், முறுக்கப்படாமல், முழுசாக இருந்தது.

மழை தகரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் சிவப்பு டேப்பைத் தொட்டான். பிசுபிசுப்பாக விரலில் ஒட்டியது. புதியது.

மெஷினை மாற்றியவன் யாரோ வெளியாள் என்றால் அவன் பதக்கத்தைத் தேடியே இருக்க மாட்டான். அது இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. தான் என்றாவது மூடியைத் திறப்போம், திறந்தால் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்போம் என்று தெரிந்த ஒருவன், அசல் மெஷினிலிருந்து பதக்கத்தை எடுத்து, சிவப்பு டேப்பையும் நினைவு வைத்துத் தேடிப் பிடித்து இதில் ஒட்டியிருக்கிறான். அப்படித் தன்னைத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

மறுநாள் டொமினிக் வந்தான். "கெளம்பு மச்சான், பாதரப் பாக்கப் போலாம். நான் பேசுறேன்," என்றான். கெர்ட்ரூட் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அலெக்சாண்டர் பதக்கத்தை மேசைமேல், கோப்பைக்கு அருகில் வைத்தான்.

டொமினிக் பார்த்தான். "பாத்தியா? உள்ளதானே இருக்காரு."

"இருக்காரு. மெஷின்தான் என்னோடது இல்ல."

"என்ன பேசுற?"

"நான் தேடுவேன்னு உனக்கு மட்டும்தான்டா தெரியும்."

வெளியே ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. டொமினிக் கோப்பையைத் தொட்டான், தூக்கவில்லை.

"ஆலிஸ் தம்பி சிலிம் ரிவர்ல வீடியோ டேப் கட போட்டிருக்கான்," என்றான் கடைசியில். ஆலிஸ் அவன் மனைவி. "அவன்கிட்டயும் இதே மெஷின்தான், செத்துப் போச்சு. கட படுத்துருச்சு. வீட்டுல தெனம் சண்ட. ஏலம் எடுத்த உடையப்பன் அவன் அனுப்புன ஆளுதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. காசு அப்புறம் தான்னு குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல. வேலயில்லாம நிக்கிறவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

அலெக்சாண்டருக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. கேட்பதற்கு இல்லாத முகம் எடுப்பதற்கு இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் வந்து சோறு சாப்பிடுவதற்கும் இருந்திருக்கிறது.

"மெஷின் போவட்டும். பாதர்கிட்ட வந்து உண்மையச் சொல்லு. எனக்கு அந்தச் சாவி வேணும்."

டொமினிக் தலையை உயர்த்தினான். அந்தக் கண்களை அலெக்சாண்டர் அதற்குமுன் பார்த்ததில்லை. அவற்றில் கோபமில்லை. கணக்குப் பார்க்கிற கண்கள்.

"சொல்ல முடியாது மச்சான். ஏலம், கோயில், என் பேரு எல்லாம் போயிரும். நீயா போயிச் சொன்னாலும் யாரு நம்புவா? உள்ளதான் அந்தோனியார் இருக்காரே."

கெர்ட்ரூட் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து, அவன் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துப்போய்க் கழுவுமிடத்தில் கொட்டினாள். டொமினிக் எழுந்து போனான்.

அலெக்சாண்டர் தனியாகப் பாதரிடம் போனான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தது. புகை வாசம், ஒரு கம்பி, புது டேப். பாதர் பொறுமையாகக் கேட்டார்.

"மெஷின் நம்பர் ஏதும் எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல பாதர்."

"எடுத்தவர்கிட்ட கையெழுத்து?"

"நம்ம ஏலத்துல யாரும் வாங்குறதில்ல பாதர்."

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டொமினிக் உனக்காக எங்கிட்ட எத்தன தடவ வந்திருக்கான் தெரியுமா? 'கஷ்டத்துல செஞ்சிட்டான் பாதர், மன்னிச்சிருங்க, வேலயக் குடுங்க'ன்னு கெஞ்சினான். நீ வந்து அவன் பேரையே சொல்ற."

அப்போதுதான் அலெக்சாண்டருக்கு முழுதும் புரிந்தது. ஊர்ப்பேச்சு வெறும் பேச்சாகவே ஓய்ந்து போயிருக்கலாம். அவனுக்காகக் கேட்கப்பட்ட மன்னிப்புத்தான் அதை உண்மையாக்கியது. விடுதிச் சாவி தாப்பா ஊரைச் சேர்ந்த மத்தியாஸ் என்பவரிடம் போனது. நல்ல மனிதர் என்றார்கள்.

அந்த ஞாயிறு அவன் பூசைக்குப் போக விரும்பவில்லை. "நாம எதுக்கு ஒளியணும்?" என்றாள் கெர்ட்ரூட். இசபெல்லாவையும் அழைத்துக்கொண்டு போனார்கள். டொமினிக் முன்வரிசையில் ஆலிஸோடு இருந்தான். அவன் பிடரியைப் பார்த்தபடியே அலெக்சாண்டர் ஜெபங்களுக்கு வாயசைத்தான்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி பாதர் அழைத்தார். பெஞ்சுகளில் சலசலப்பு எழுந்தது. டொமினிக் திரும்பினான். பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் விட்டு, நடைபாதையில் இறங்கி, நேராக அலெக்சாண்டரிடம் வந்தான். கோயில் முழுவதும் பார்த்தது. ஏமாற்றியவனைத் தேடிவந்து மன்னிக்கிற மனசு என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பாதரும் பீடத்திலிருந்து பார்த்தார்.

"சமாதானம் மச்சான்," என்று டொமினிக் கையை நீட்டினான்.

இசபெல்லா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அலெக்சாண்டர் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பிறகு நீட்டிய கையைப் பற்றினான்.

டொமினிக்கின் விரல்கள் உள்ளங்கையில் எதையோ உணர்ந்து நின்றன. சிவப்பு டேப்பின் பிசின் இன்னும் அந்தப் பதக்கத்தில் ஒட்டியிருந்தது. அவனால் கையை விரிக்க முடியவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்களை மூடிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான். பூசை முடியும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.

பின்பெஞ்சில் இருந்த ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.