மாலையோடு பார்த்த படம்

கூக்கால் மலைக்கிராமத்துக் குழந்தைவேலுக்குச் சாமி என்றால் பழனி முருகன், சினிமா என்றால் டைரக்டர் அமுதகீதன். இரண்டு பேரும் ஒரே தை மாதத்தில் வந்து கழுத்தைப் பிடிப்பார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

போன வருஷம் மனைவி மகாதேவிக்கு மதுரையில் நெஞ்சில் ஆபரேஷன். பிழைத்து வந்தால் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டான். பிழைத்து வந்தாள், இவனும் மாலை போட்டான். மாலை போட்டவனுக்குக் கறி கிடையாது, செருப்பு கிடையாது, சினிமாவும் கிடையாது. அந்த நேரம் பார்த்தா அமுதகீதனின் சஸ்பென்ஸ் படம் பொங்கலுக்கு வரவேண்டும்!

மகாதேவிக்கும் அந்த டைரக்டர் என்றால் உயிர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் படங்களைச் சேர்ந்தே பார்த்தவர்கள்.

"நீங்க மாலையக் கழட்டுனதும் சேந்து போவோம். அதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டக் கதையச் சொல்லிராதீங்க" என்று ஊருக்கே உத்தரவு போட்டாள். டீவியைக்கூட அணைத்து வைத்தாள், பாவம்.

குழந்தைவேலுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில் பழனியில் தியேட்டர் பக்கம் வேனை நிறுத்தினான். பச்சை வேட்டியை அவிழ்த்துப் பேண்ட் மாட்டினான். சட்டையைக் கழுத்துவரை பூட்டி மாலையை மறைத்தான். முருகனுக்குத் தெரியாதாம்!

இடைவேளை வரை அமுதகீதன் ஆளை அசையவிடவில்லை. சாத்தாத ஒரு கதவைக் காட்டியே பயமுறுத்தினார். மனுஷன் மனுஷன்தான் என்று இவனுக்குப் பூரிப்பு. அப்புறம் என்ன கேடு வந்ததோ, ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பேசியே விளக்கினார். கொலைகாரன் யாரென்றால், அதுவரை தலையே காட்டாத ஓர் அண்ணன்காரன். மலையில் காட்டிய மூடுபனிகூடப் பொய். பனி என்றால் தரையோடு ஊர்ந்து வரும், இது கொப்பளித்து மேலே போனது. கூக்காலில் பிறந்தவனிடமா இந்தப் புகை வேலை? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, டைரக்டரை நம்பி முருகனைக் கைவிட்டாயிற்று. வேனில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தைப்பூசத்துக்கு எல்லாரோடும் மலையிறங்கி நடந்தான், சாமி பார்த்தான், மாலையைக் கழற்றினான். பஸ்ஸில் வந்து சேர்ந்த மகாதேவி பஞ்சாமிர்தம் வாங்கக்கூட நிற்கவிடவில்லை.

"வெரசா வாங்க, படம் போட்டுருவாங்க."

தியேட்டரில் அவள் சின்னப்பிள்ளை மாதிரி சீட் நுனியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் வெறும் சமையற்கட்டு, ஒரு சத்தமில்லை. குழந்தைவேலின் கைகள் தாமாகப் போய் அவள் காதுகளைப் பொத்தின. ஆபரேஷன் செய்த நெஞ்சாயிற்றே. மறுநொடி அலறல் வெடித்துத் தியேட்டரையே தூக்கிப்போட்டது.

மகாதேவி திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். கைகளை மெல்ல எடுத்து விட்டாள்.

"எப்ப பாத்தீங்க?"

அவன் கண்ணைத் திரைப்பக்கம் திருப்பினான்.

"மாலையோடயா?"

தலை குனிந்தான். "ரொம்ப வருத்தப்பட்டேன் மகாதேவி. பின்பாதி நல்லாவே இல்ல" என்றான்.

சீட் நுனியில் இருந்தவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்திருந்தா வருத்தப்பட்டிருக்க மாட்டீங்க, அப்படித்தானங்க?"